நீர்நாய் காட்டுகிறவர்

நம்பிராஜனின் வீட்டில் அண்ணன் போலீஸ், தம்பி பட்டாளம். சுரண்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் காடுகரை இருந்தாலும், ஆண்பிள்ளை என்றால் காக்கி உடுத்த வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம். இவரும் ஆளெடுப்புக்குப் போனார். கண் பரிசோதனையில் சுவரிலிருந்த கடைசி வரியை அவர் ஒப்பித்த வேகத்தைப் பார்த்து டாக்டரே சிரித்துவிட்டாராம். உயரத்தில்தான் அரை விரற்கடை குறைந்து போயிற்று.

"கண்ண வச்சு என்னலே செய்ய? போ, எங்கயாவது வாச்சுமேன் வேல பாரு" என்றார் அண்ணன்.

அந்தக் கண்ணை வைத்துத்தான் அவர் பிழைத்தார். குற்றாலத்தில் ஜீப் ஓட்டினார். அருவிக்குப் போகிற வழியில் சட்டென்று வண்டியை ஓரங்கட்டி, "அந்தா, கவட்டைக்கு மேல, மலையணில்" என்பார். வண்டியில் இருப்பவர்கள் கழுத்து வலிக்கத் தேடி, வால் அசைந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். "அது கண்ணா, தொறட்டியா வே? எதையும் இழுத்துப் போட்டுருதேரே" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவருக்கு அண்ணனின் தோளிலிருந்த நட்சத்திரங்களுக்குச் சமம்.

ஒருநாள் இலஞ்சிக்குப் பிரிகிற விலக்கில் ஒரு சைக்கிள்காரர் மண்ணிலிருந்து முளைத்ததுபோல வண்டிக்கு முன்னால் நின்றார். நல்லவேளை, இடிக்கவில்லை. ஆனால் அவர் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று நம்பிராஜனுக்குத் தெரியவே இல்லை. மறுவாரம், கல்யாண வீடு என்று மனைவி ஜெயசித்ராவிடம் சொல்லிவிட்டுத் தனியாகத் திருநெல்வேலிக்குப் போய்க் கண்ணைக் காட்டினார். கண்ணுக்குள் அழுத்தம், பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது, போனது திரும்பாது என்றார்கள். இருப்பதையாவது காப்பாற்றத் தினமும் ராத்திரி சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, முழங்கால் வலி, இனி வண்டி ஓட்ட முடியாது என்றார்.

கடையநல்லூர் துல்கர்னைன் துபாயில் இருந்தபடியே தென்காசியில் சிற்றாற்றங்கரையில் ஒரு மாடி வீடு வாங்கி, அதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார். கீழே ஒரு அறையைக் கொடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி நம்பிராஜனிடம் சொன்னார். சமையல் ஜெயசித்ரா. மாடிப் பால்கனிக்கு நேர் கீழே ஆறு, நடுவில் மருதமரம், அதன் நிழலில் சில பாறைகள். காலை வெயில் பட்டதும் நீர்நாய்கள் அந்தப் பாறைகளில் வந்து புரளும். நம்பிராஜன் அதை வருகிறவர்களுக்குக் காட்ட ஆரம்பித்தார். போனவர்கள் இணையத்தில் எழுதினார்கள். வீட்டைவிட அதிகமாக அவரைப் பற்றித்தான் எழுதினார்கள். "அண்ணாச்சி, ஆளுங்க ஒங்களுக்காகத்தான் வாராங்க" என்று துல்கர்னைன் போனில் சொன்ன நாளிலிருந்து நம்பிராஜனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண் விஷயம் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு அந்த அறையும் போகும். அதையெல்லாம்விட, கண்தானே அவர்? அது இல்லையென்று ஆனால் மிச்சம் நிற்கிறவன் யார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆகவே மறைத்தார். ஜெயசித்ரா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து அவசரமாக மருந்து விட்டுக்கொள்வார். அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டால் அன்றைக்கு மருந்து இல்லை. அப்படிப் போன ராத்திரிகள் நிறைய.

காட்டுவதில் மட்டும் பிசகு வரவில்லை. நீர்நாய்கள் சீட்டியடிக்கிற சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது சொல்லும். மங்கலான பாறைமேல் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் போதும், கை நீட்டிவிடுவார். அந்த நேரம் பார்த்து ஜெயசித்ராவும் காபித் தட்டோடு வருவாள். "இன்னைக்கு ரெண்டும் நடுப்பாறையிலல்லா கெடக்கு" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவாள். கூடவே இருந்து இவளுக்கும் கண் பழகிவிட்டது என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமை.

மார்கழியில் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. புருஷன், பெண்டாட்டி, எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. வந்த அன்று மழை. மறுநாள் மத்தியானம் ஊருக்குக் கிளம்ப வேண்டும், காலையில் எப்படியும் நீர்நாய் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தாள். சாயங்காலம் சுரண்டையிலிருந்து போன் வந்தது. ஜெயசித்ராவின் பெரியம்மா இறந்துபோயிருந்தார்.

துட்டிக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று தயங்கினாள். "காலைல நான் வந்துருவேன். அதுவரைக்கும் அவியளப் பால்கனிக்குக் கூட்டிட்டுப் போவாதிய."

"ஏட்டி, நீ வந்துதான் நீர்நாய எழுப்பி விடணுமாக்கும்?"

"மழ பேஞ்சிருக்கு. வராதுன்னு சொல்லிருங்க." அவள் முகத்தை அவர் கவனிக்கவில்லை.

விடிந்ததும் குழந்தை கீழே வந்து கதவைத் தட்டிவிட்டாள். பிறகு வராது என்று சொல்ல எப்படி வாய் வரும்? பால்கனியில் நின்று நம்பிராஜன் கண்ணை இடுக்கினார். மருதமரம் ஒரு பச்சைப் புகையாகத் தெரிந்தது. அடியில் சாம்பல் நிறப் பாறை. பாறைமேல் நீளமாக, கறுப்பாக, ஈர மினுமினுப்போடு ஒன்று. அவருக்கு மூச்சு திரும்பியது.

"பாப்பா, அந்தா! வாலத் தொங்கப் போட்டுட்டுத் தூங்குது பாரு."

குழந்தை பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். "எங்கீங்க அங்கிள்?"

"நடுப்பாறை மேல. அசையாது, சாப்புட்ட மயக்கம். கொஞ்சம் பொறு, புரண்டு படுக்கும்."

"அது வேட்டிங்க அங்கிள்."

"வேட்டியா!" நம்பிராஜன் சிரித்தார். "நல்லாப் பாரு கண்ணு. தல இந்தப் பக்கம், வாலு அந்தப் பக்கம்."

"இல்லீங்க, கறுப்பு வேட்டி. ஓரத்துல கோடு போட்டிருக்குது. அப்பா, நீங்க பாருங்க!"

அப்பா வாங்கிப் பார்த்தார். பிறகு நம்பிராஜனைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார், நோயாளியிடம் பேசுகிற மெதுவான குரலில். "இருக்குதுங்க. நல்லாத் தெரியுதுங்க."

அப்போது இடது பக்கம், தண்ணீரில், சீட்டிச் சத்தம் கேட்டது. குழந்தை கூவிக்கொண்டு பால்கனியின் அந்தக் கோடிக்கு ஓடினாள். "அங்க! மூணு போவுது! மீன் வெச்சிருக்குது!" தாயும் தகப்பனும் பின்னாலேயே ஓடினார்கள். நம்பிராஜனும் திரும்பினார். அந்தப் பக்கம் அவருக்கு வெறும் வெளிச்சம்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து, பார்க்கிறவர் மாதிரியே தலையை ஆட்டினார்.

அவர்கள் உள்ளே போனதும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் படியிறங்கினார். முழங்கால் தண்ணீரில் தடவி நடந்து, பாறையைக் கையால் தேடினார். விரலில் சுருண்டது துணி. மலையிறங்கி செங்கோட்டை வழியாக வருகிற ஐயப்ப சாமிமார் குற்றாலத்தில் குளித்துவிட்டு, விரதம் முடிந்ததென்று ஆற்றோடு விட்டுவிடுகிற வேட்டி.

படித்துறையில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்த மசூது சத்தம் கொடுத்தான். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஒங்க டூட்டியா? அக்காவக் காணும்?"

"அவளுக்கு இங்க என்னலே டூட்டி?"

"நல்லாக் கேட்டிய! கார்த்திகை பொறந்ததுல இருந்து விடியுமுன்ன வந்து, பாறையில ஒதுங்குன வேட்டியெல்லாம் அக்காதான அள்ளி அந்த மரத்து மூட்டுல போடுதாவ. 'சாமிமாரு துணியத் தொவச்சுக் கடை போடப் போறியளா'ன்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாவ."

நம்பிராஜன் தண்ணீருக்குள்ளேயே நின்றார். காபித் தட்டும், "நடுப்பாறையிலல்லா கெடக்கு" என்ற பேச்சும் இப்போதுதான் அவருக்கு விளங்கின. மசூது ஆட்டோவை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவர் கரையேறவில்லை.

ஈரோட்டுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகுதான் ஜெயசித்ரா சுரண்டை பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அவர் அந்த ஈரக் கறுப்பு வேட்டியோடு அறையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"சவரப் பெட்டியில மருந்தப் பாத்தேன். மெடிக்கல்ல காட்டிக் கேட்டேன்." அவள் துட்டிச் சேலையை மாற்றக்கூட இல்லாமல் தரையில் உட்கார்ந்தாள். "நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்."

"ஒனக்குத் தெரிஞ்சிரக் கூடாதேன்னு பாதி நாளு மருந்தே விடல, சித்ரா."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "விடலியா? நான் பக்கத்துல இருந்தா கூச்சப்படுவியன்னுதான அடுப்படியிலயே கெடந்தேன்." வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். யார் யாரைக் குறை சொல்வது?

சாயங்காலம் அவரே துல்கர்னைனுக்குப் போன் போட்டார். "தம்பி, எனக்குக் கண்ணு தெரியல. வேற ஆளு பாத்துக்கிடுங்க." ஈரோட்டுக்காரர் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார், அஞ்சு ஸ்டார் போட்டிருக்கிறார் என்றார் துல்கர்னைன். "பாவப்பட்டு எழுதியிருக்காரு, தம்பி." வருகிற ஆளுக்கு அறை வேண்டியிருக்கும், பொங்கல் வரைக்கும் இருங்க அண்ணாச்சி என்று துல்கர்னைன் தயங்கித் தயங்கிச் சொன்னார். சரி என்றார் நம்பிராஜன். சுரண்டையில் அண்ணன் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கிறது.

போனை வைத்தபோது வாசலில் கார் வந்து நின்றது. சென்னையிலிருந்து அன்றைக்கு வரவேண்டிய ஆட்கள். இளவயதுக் குரல் ஒன்று உற்சாகமாகக் கேட்டது: "சார், நீர்நாய் காட்டுவாராமே ஒருத்தர், ரிவ்யூல எல்லாரும் எழுதியிருக்காங்க. அது நீங்கதானா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அது வேற ஆளு சார்" என்றார் நம்பிராஜன். "நல்ல கண்ணு அவருக்கு. வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு." கையால் துழாவி அவர்களுடைய பெட்டியின் பிடியைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு, சுவரோரமாக மாடிப்படி ஏறத் தொடங்கினார்.