சாயாமல் எழும்பிய ஊதுபத்திப் புகை

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில், நிலவறைக் குளிர்காற்று மரத்தரை வழியாக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. சாமிப்படத்துக்கு முன் கொளுத்தும் ஊதுபத்தியின் புகைகூட ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும்.

ஒரு சனிக்கிழமை நிலவறையில் ஏணி வைத்து, தரைப்பலகைகளுக்கு அடியில் குளிர் தடுக்கும் கண்ணாடிப்பஞ்சு அடைத்தேன். மேலே அறையைச் சூடாக்கும் விறகடுப்புக்குப் பக்கத்தில், தரையில் இருந்த ஓட்டையையும் விடவில்லை. மறுநாள் காலை புகை நேராக எழும்பியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்று பின்னேரம் அடுப்பை மூட்டினோம். கொஞ்ச நேரத்தில் மனைவிக்குத் தலையிடித்தது. "தடிமன் காய்ச்சல் வரப்போகுது" என்றேன். பிறகு மகள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். எனக்கும் கால் தள்ளாடியது.

"முதல்ல வெளியில வாங்கோ" என்று மனைவி எங்களை இழுத்துக்கொண்டு போனாள். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் தந்தார்கள்.

பிறகு வந்து பார்த்த புகைக்கூடு துப்புரவாக்குபவர், அந்த ஓட்டை வழியாகத்தான் அடுப்புக்குக் காற்று போகிறது என்றார். அதை அடைத்ததால் அடுப்பின் நச்சுவாயு புகைக்கூட்டால் வெளியேறாமல் அறைக்குள் நின்றிருக்கிறது.

இப்போது ஓட்டையைத் திறந்துவிட்டு, நச்சுவாயு அலாரமும் பொருத்தியிருக்கிறோம். ஆனாலும் அடுப்பு மூட்டுவதற்கு முதல் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடிக்கிறேன்.

"சாயுதோ?" என்று மனைவி கேட்பாள்.

"ஓம், சாயுது" என்று சொன்ன பிறகுதான் விறகைத் தருவாள்.