ஆறாம் அறையின் ஃபியூஸ்

ஃபாயில் அக்கா என்று சொன்னால்தான் அந்தக் கட்டடத்தில் ஆள் தெரியும். பெரிய உருளையில் வரும் அலுமினியத் தாளைச் சின்ன அட்டைக்குழாயில் பத்து மீட்டராகச் சுற்றிப் பெட்டியில் அடைக்கும் பட்டறையில் அவளுக்குப் பதினோரு ஆண்டு வேலை. சுற்றும்போது கசங்கும் நுனிகளை வெட்டி ஓரமாகப் போடுவார்கள். வேண்டியவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முதலாளி காட்டிய தாராளம் அது ஒன்றுதான். கூலி உயர்வு கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் ஞாபகப்படுத்துவார்.

அவள் குடியிருந்த ஆறாம் அறை அந்தக் கசங்கலில்தான் நடந்தது. மேற்கு ஜன்னலில் ஒட்டி வெயிலைத் திருப்பி அனுப்பினாள். அடிப்பிடித்த பாத்திரத்தை அதைப் பந்தாக உருட்டித் தேய்த்தாள். மழுங்கிய கத்தரிக்கோலால் மடித்த ஃபாயிலை நறுக் நறுக்கென்று பத்துத் தரம் வெட்டினால் கூர் வந்துவிடும். தரைத்தளத்துத் தையல்காரர் இதற்காகவே வாரம் ஒருமுறை மாடியேறுவார். ரிமோட்டில் பேட்டரி ஆடினால் ஸ்பிரிங்கில் ஒரு துண்டை மடித்துச் செருகுவாள். டிவி பேச ஆரம்பிக்கும்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்வாங்க. இவளுக்குக் கசங்கின ஃபாயில்," என்பான் கணவன். "ஒருநாள் என்னையே சுத்திப் பெட்டியில போட்டு ஒட்டிடுவா பாருங்க."

"எலும்புக்கூட்டுக்குப் பத்து மீட்டர் எதுக்கு? அரை ரோல் போதும்," என்பாள் அவள்.

அவனை எல்லோரும் பாலிஷ் அண்ணன் என்றார்கள். அலுமினியப் பாத்திரங்களுக்கு மெருகேற்றும் கடையில் பத்தொன்பது வருடம், சுழலும் சக்கரத்தின் முன் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நின்றவன். வாங்கியவர்கள் பாத்திரத்தில் முகம் பார்த்தார்கள். அதிலிருந்து பறந்த தூள் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. நாற்பத்தாறு வயதில் மாடிப்படியில் நான்கு படி ஏறினால் உட்கார வேண்டியிருந்தது. பார்க்க வந்த ஓர் உறவுக்காரர், "எல்லாம் விதிம்மா," என்றார். தூசியை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறி வைக்காதது விதியல்ல. வைக்காதவனுக்குப் பெயரும் முகவரியும் உண்டு.

மருத்துவமனை ஓர் ஆக்சிஜன் மெஷின் கொடுத்தது. இரவும் பகலும் அது ஓட வேண்டும். நின்றால் பத்து நிமிடத்தில் அவன் உதடு நீலம் பாயும். மெஷின் இருக்கும் அறையில் நெருப்பு கூடாது என்றார்கள். எனவே கேஸ் அடுப்பை விற்றுவிட்டுக் கரண்ட் அடுப்பு வாங்கினாள். அங்கேதான் வந்தது வினை. மெஷினும் அடுப்பும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும்.

பன்னிரண்டு அறைகளின் ஃபியூஸும் மாடிப்படிக்கு அடியில் ஒரே பலகையில் இருந்தன. சாவி காவலாளியிடம். காவலாளி பகல் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். கட்டடத்துக்காரர் எங்கோ இருந்தார். அவருக்காக வாடகை வாங்குவதும் அதிகாரம் பண்ணுவதும் மேனேஜர்தான். அக்கா அவரிடம் மூன்று முறை போனாள்.

"வயர் மாத்திக் குடுங்க சார். மெஷின் நின்னா அவருக்கு மூச்சு நிக்குது."

"இத்தனை வருஷமா எல்லாரும் இதே வயர்லதானேம்மா இருக்காங்க? அடுப்பைக் கம்மியா போடு."

"பச்சையா சாப்பிடச் சொல்றீங்களா சார்?"

"வாய் மட்டும் நல்லா இருக்கு," என்றார் மேனேஜர்.

ஒருநாள் பகல் ஒன்றரைக்கு ஃபியூஸ் போனது. காவலாளி இல்லை. பலகையின் பூட்டு எப்போதோ இற்றுப்போனது, இழுத்தால் வந்துவிட்டது. மேலே அவன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அக்கா பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள். நடுவிலிருந்த கம்பி உருகி அறுந்திருந்தது. ரிமோட்டுக்குச் செய்ததை இதற்கும் செய்தாள். ஃபாயிலை எட்டாக மடித்து இரண்டு முனைக்கும் சேர்த்துச் சுற்றிச் செருகினாள். மேலே மெஷின் உறுமும் சத்தம் கேட்டது. படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

முன்னதாக அறுந்துபோவதுதான் ஃபியூஸ் கம்பியின் வேலை. சுவருக்குள் இருக்கும் வயர் வெந்துபோவதற்கு முன் தான் அறுந்து வீட்டைக் காப்பாற்றும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டாம் வகுப்போடு அவளை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபாயிலில் கரண்ட் ஓடும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தவள் அவள். மீதிப் பாதிப் பாடம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் சரியான கம்பி வாங்கிப் போடலாம் என்றுதான் இருந்தாள். மறுநாளும் மெஷின் ஓடியது. ஒரு வாரம் நிற்காமல் ஓடியது. கெடாததை ஏன் தொட வேண்டும்?

மூன்றாம் அறை அண்ணிதான் முதலில் கவனித்தாள். "உன் ஃபியூஸ் மட்டும் போறதே இல்லையே, அதுக்கு என்னடி ஊட்டுற?"

அக்கா சொன்னாள். "எனக்கும் ஒண்ணு சுத்திக் குடேன்," என்றாள் அண்ணி. அப்புறம் தையல்காரர். அப்புறம் எல்லோரும். ஒரே மாதத்தில் பன்னிரண்டு ஃபியூஸும் வெள்ளையாக மின்னின. ஃபியூஸ் போகாது என்று ஆனதும் கட்டடத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒருவர் வாட்டர் ஹீட்டர் வாங்கினார், இருவர் கரண்ட் அடுப்பு. தையல்காரர் பெரிய இஸ்திரிப்பெட்டி போட்டார். ஐந்து மாதம் பாலிஷ் அண்ணன் ஒருநாளும் நீலம் பாயவில்லை. சாய்ந்து உட்கார்ந்து சீட்டு விளையாடினான், ஏமாற்றினான், மாட்டிக்கொண்டான்.

ஆறாவது மாதம் ஒரு பகலில் படிக்கு அடியில் புகை வந்தது. பலகை கருகி விழுந்தது. சுவருக்குள் வயர் உருகிய நாற்றம் இரண்டாம் மாடி வரை வந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட்டைத் துண்டித்துவிட்டார்கள்.

எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் வாசலில் ஒரு பிளக் கொடுத்தார், கடை மூடும்வரை. மருத்துவமனையில் கட்டில் இல்லை என்றார்கள். கடை மூடிய பிறகு அவன் இரண்டு தலையணையில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டு கிடந்தான். அக்கா விசிறினாள். விசிறியால் என்ன ஆகும்?

இரண்டாம் நாள் மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். ஆய்வு செய்த மின்வாரிய அதிகாரியும் கூட நின்றார்.

"எல்லா ஃபியூஸ்லயும் ஃபாயில் சுத்தினது நீதானே?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"யாராவது கேட்டுச் செஞ்சியா, நீயா செஞ்சியா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் அறை அண்ணி தரையைப் பார்த்தாள். தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"நானா செஞ்சேன்னு எழுதினா கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"நாளைக்கே. பன்னிரண்டு பேரையும் விசாரிக்கணும்னா மாசமாகும்."

அதிகாரி பேனாவை நீட்டினார். அவருடைய தாளில் ஃபாயிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. வயரின் வயதுக்குக் கட்டமே இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பழியைக் கேட்டு வாங்குபவளுக்குத்தான் அவசரம். கையெழுத்துப் போட்டாள்.

சொன்னபடி மறுநாள், தற்காலிகமாக மாட்டிய ஒரு பலகை வழியாக, கரண்ட் வந்தது. பதினோரு அறைகளில். ஆறாம் அறை "குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்ட இணைப்பு" என்பதால் துண்டித்தே வைக்கப்பட்டது.

அன்று காலை மூன்றாம் அறை அண்ணி தன் ஜன்னல் வழியாக ஒரு நீள வயரை எறிந்தாள். மெஷின் ஓடியது. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. மதியம் மேனேஜர் முற்றத்தில் நின்று, யாரையும் குறிவைக்காததுபோல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "லைன் குடுக்கிறவங்க லைனும் போகும்."

அண்ணி வாசலில் வந்து நின்றாள். "மூணு புள்ளைங்கடி எனக்கு," என்றாள்.

"எடுத்துக்கோங்க அண்ணி," என்றது கட்டிலில் இருந்து குரல். "நீங்க அழுதா எனக்கு இன்னும் மூச்சு வாங்குது."

வயரை அண்ணி கையில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். மருந்துக்கடைக்கு அவனை இறக்க ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே, நான்கு மணி வாக்கில், அவன் போய்விட்டான்.

பத்தாம் நாள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதுபோல், ஆறாம் அறைக்குக் கூடுதல் வாடகை பேசி வேறொருவர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தார். அக்கா மூட்டையோடு இறங்கும்போது படிக்கு அடியில் ஓர் எலக்ட்ரீஷியன் புதுப் பலகை பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தடித்த புது வயர்ச் சுருள்கள் கிடந்தன. அவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"ஆறாம் அறைக்கும் இதுதானா தம்பி?"

"எல்லாத்துக்கும்தான்க்கா. இனி மெஷின், அடுப்பு எல்லாம் ஒண்ணா போட்டாலும் தாங்கும்."

"ரொம்ப நாள் வேலையோ?"

"ஒரு ரூமுக்கு ஒரு நாள்க்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே மாத்தணும்னு எழுதிக் குடுத்தேன். அந்தத் தாள் மேனேஜர் மேசையிலதான் கிடக்குது."

"ஒரு நாள்," என்றாள் அக்கா. மூட்டையை இடுப்பு மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இரண்டு மணி ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது.