நீதிபதியின் கை

ஓவியக்கூடத்தின் மூன்றாம் அறையில் காவலருக்கென்று ஒரு முக்காலி உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட அந்தக் காவலர், பதினோரு ஆண்டுகளாக எதிர்ச்சுவரில் தொங்கிய நீதிபதியைத் தம் வீட்டாரைக் காட்டிலும் அதிக நேரம் பார்த்திருந்தார். நூற்றைம்பது ஆண்டுப் பழைய படம்: கறுப்பு அங்கி, இறுகிய உதடு, தடித்த புத்தகத்தின் மேல் ஊன்றிய வலக்கை.

ஒருநாள் அவருக்குப் பொறி தட்டியது. முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது, கையிலோ வலப்பக்கமிருந்து. நகங்கள் தேய்ந்து தட்டையாக இருந்தன. பேனா பிடித்த கை அல்ல, பாரம் தூக்கிய கை. பெரிய மனிதர் முகத்துக்கு மட்டும் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய அங்கியை மாட்டிக்கொண்டு நாட்கணக்கில் அசையாமல் இருந்தவர் யாரோ ஒரு கூலியாள். காவலர் நூலகத்தில் தாமே தேடிப் படித்து, இருபத்திரண்டு பக்கம் எழுதி, தேதியிட்டு, நகலும் எடுத்து வைத்தார்.

"வீட்டுல ஒரு கை உதவிக்கு வரமாட்டீங்க, அங்க செத்தவர் கையை நாள் முழுக்கப் பார்ப்பீங்க," என்றாள் மனைவி.

அந்தப் பக்கங்களை அவர் நம்பிக் கொடுத்தது ஒருவரிடம்தான். பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வழிகாட்டி. காவலருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தில் கேட்காமலே கைவைக்கும் உரிமை பெற்றவர்.

"குடுங்கண்ணே, அதிகாரிகிட்ட நானே கொண்டுபோறேன். உங்க பேர் வெளிய வரணும்ணே."

எட்டு மாதத்தில் அது ஓவியக்கூடத்தின் வெளியீடாகப் புத்தகமாக வந்தது. அட்டையில் வழிகாட்டியின் பெயர். உள்ளே காவலர் பெயர் மருந்துக்கும் இல்லை.

"என்ன தம்பி இது?"

"நீங்க ஏதோ பேச்சுவாக்குல சொன்னதுண்ணே. எழுதினது நான்தானே? உட்கார்ந்து பார்த்தவரெல்லாம் ஆராய்ச்சியாளர்னா, உங்க முக்காலிக்கும் பட்டம் குடுக்கணும்."

காவலர் வீட்டுக்குப் போய் நகலையும் புத்தகத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் பிடி கிடைத்தது. ஓவியத்தின் மணிக்கட்டில் வெட்டுத்தழும்பு இருப்பதாக அவர் தம் குறிப்பில் எழுதியிருந்தார். குறிப்பைக் கொடுத்த மறுமாதம் படத்தைச் சுத்தம் செய்தபோது, அந்தத் 'தழும்பு' பஞ்சோடு வந்துவிட்டது: வார்னிஷில் ஒட்டியிருந்த தூரிகை முடி. உடன் நின்று பார்த்த காவலர் தம் நகலைத் திருத்திக்கொண்டார். வழிகாட்டியோ இல்லாத தழும்புக்காக ஒரு பத்தி முழுக்கக் கண்ணீர் வடித்திருந்தார்.

ஆவணங்களை இணைத்து ஓவியக்கூட அதிகாரியிடம் மனுக் கொடுத்தார். கேட்டது ஒன்றே: புத்தகத்தில் தம் பெயர். அதிகாரி பொறுமையாகப் படித்தார்.

"தழும்பு உங்க தப்புதான்னு எழுத்துல ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் சார். அதுதானே என் சாட்சி."

ஒரு மாதம் கழித்து எல்லாப் பிரதிகளிலும் ஒரு துண்டுச்சீட்டு செருகப்பட்டது. பதினான்காம் பக்கத்திலுள்ள தழும்பு தவறு என்றும், அத்தவறான தகவலைத் தந்தவர் இன்னார் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். அவர் பெயர் தலைப்பெழுத்தோடு, சரியாகவே இருந்தது. மற்றப் பக்கங்களில் பிழை எதுவும் இல்லை. ஆகவே அங்கெல்லாம் அவர் பெயருக்கு வேலையும் இல்லை.