வடைத் தீவின் ராணுவ முக்கியத்துவம்

என் பையன் ஈஸ்ட் கோஸ்ட்டில் டாக்டருக்குப் படிக்கிறான். அமெரிக்காவின் மேற்குக் கரையில், எங்கள் ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அமெரிக்காவில் எந்த மெடிக்கல் காலேஜிலும் இடம் கிடைக்காமல், கரீபியன் கடலில் கிரெனடா என்ற துளியூண்டு தீவில் சேர்த்திருந்தோம். அதைச் சொன்னால் மானம் போய்விடுமாம். "மேப்ல பாரு, ஈஸ்ட்லதானே இருக்கு?" என்பார். பெரிய இன்ஜினியர் மூளை! பையனுக்கும் அதே பாடம்தான். ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் புது ரன்வே தெரிகிறது என்று அவன் எனக்கு மட்டும் சொல்லியிருந்தான்.

எண்பத்து மூன்று அக்டோபரில் அந்தத் தீவுக்குள் அமெரிக்க ராணுவம் இறங்கியது. காலையிலிருந்து ஃபோனைச் சுழற்றி என் விரல் வீங்கியதுதான் மிச்சம், லைன் கிடைக்கவில்லை. அன்று சாயந்திரம் பார்த்து ஃப்ரீமான்ட்டில் ஒரு தமிழர் வீட்டில் பிறந்தநாள் சாப்பாடு. "போகலேன்னா சந்தேகப்படுவாங்க. மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ" என்று ஃப்ரீவே முழுக்க என் உயிரை வாங்கினார்.

அங்கே டிவி முன்னால் பெரிய யுத்த ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் சன்னிவேல், குபெர்டினோ கம்பெனிகளில் கம்ப்யூட்டர் சிப் டிசைன் பண்ணுகிறவர்கள். முந்தின நாள்வரை அந்தத் தீவின் பெயரே தெரியாது, இன்று ஆளாளுக்கு ஜெனரல். கிரீன் கார்டு கைக்கு வராதவர்கூட "நம்ம ஆர்மி" என்றார். விருந்து கொடுத்தவர் ஒரு தட்டில் சாம்பாரை ஊற்றி நடுவில் வடையை வைத்தார். அதன் ஓரத்தில் ஒரு பல் குத்தும் குச்சி.

"இதான் கிரெனடா. இது கியூபாக்காரன் கட்டற ரன்வே. ரஷ்யாக்காரன் இங்க வந்து இறங்கினா நம்ம கதி என்ன? அதுதாங்க ஸ்ட்ராடஜிக் இம்பார்ட்டன்ஸ்!"

என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? ரன்வே இன்னும் கொஞ்சம் தெற்கே வரணும் என்று குச்சியை நகர்த்திக் கொடுத்தார். பெற்ற பிள்ளை அந்தக் குச்சி முனையில் கிடக்கிறான், இவருக்கு ராணுவ ஆலோசனை கேட்கிறது! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அப்புறம்தான் அவர் தன் தட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடாததைப் பார்த்தேன்.

"நானா இருந்தா, ரன்வே முனையிலதான் முதல் குண்டைப் போடுவேன்" என்று விருந்து கொடுத்தவர் ஸ்பூனை ஓங்கினார்.

"ஐயோ, அங்க போடாதீங்க! அங்கதான் என் பையனோட ஹாஸ்டல்!"

கத்தியது நான்தான். விருந்து கொடுத்தவர் ஸ்பூனைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் அந்த வடையையே பார்த்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். மானம், மரியாதை எதுவும் அப்போது அவர் ஞாபகத்தில் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஃபோன் அடித்தது. மாணவர்களை ராணுவ விமானத்தில் ஏற்றிக்கொண்டுவந்து ஏதோ ஒரு ஏர்பேஸில் இறக்கிவிட்டிருந்தார்களாம்.

"அம்மா, ஐ ஆம் ஃபைன். அப்பாகிட்ட சொல்லுங்க, இப்ப நிஜமாவே ஈஸ்ட் கோஸ்ட்லதான் இருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனுஷரிடம் ரிசீவரைக் கொடுத்தேன்.