ஒரே கிடாரம்

கடலூர் மாவட்டத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். வழியைச் சொல்வதற்கு முன் "எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். வந்த புதிதில் நான் வெகுளியாகப் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிதம்பரம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாவிடம், யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் வீடு பள்ளிக்கூடம் தாண்டிப் பனங்காணிக்குள் இருந்தது, குண்டு விழுந்து இப்போது சுவர்கூட இல்லை என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர் பொறுமையிழந்து, "அதில்லம்மா, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். "அகதிகள்" என்றேன். "அது பேச்சுலயே தெரியுது. அகதியில என்ன ஆளு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகாமுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இந்த நாட்டுக்காரருக்கு விசர், பைத்தியம் என்றோம்.

கனடாவிலும் பாரிசிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களே, ஊரை விட்டு அசையாமல் இருந்துவிட்டவர்களே, இந்த நாட்டுக்காரரைத் திட்டுவதற்காக நான் எழுத உட்காரவில்லை. நம்மவர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன மழைக்காலத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வீராணம் நிரம்பி வழிந்தது. கிள்ளைக்கு அப்பால் கடலோரக் கிராமங்களில் அடுப்படிக்குள் தண்ணீர் நின்றது. எங்கள் பக்கத்தில் மூன்று முகாம்கள், முகாமுக்கொரு சங்கம். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலுள்ள எங்கள் முகாமில் பெண்கள் சங்கம், அதற்கு நான் தலைவி. மற்ற இரண்டும் பெயிண்ட் வேலைக்குப் போகிற இளம் பெடியன்களின் சங்கங்கள். அவர்களுக்காகப் பேசுகிறவர் தருமண்ணை. அவரும் தென்மராட்சிதான். முதல் நாள் சந்தித்தபோதே என் அப்பாவின் பெயரைக் கேட்டு, "ஓ, அவரின்ரை மகளோ?" என்று தலையாட்டினார். ஊர்ப் பாசம் என்று பூரித்துப் போனேன். மக்கு!

வெளியே போக அனுமதி கேட்டோம். ஆறு மணிக்குள் எல்லோரும் முகாமுக்குத் திரும்பிவிடவேண்டும் என்று சொல்லி அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். மாடிக் கட்டடங்களில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிற கயிறுகளைப் பெடியன்கள் கொண்டுவந்தார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் இடுப்பளவு தண்ணீருக்குள் இருந்து ஆட்களை இழுத்தார்கள். அரிசி மூன்று முகாம்களிலும் சேர்ந்தது. சமையல் என்னுடையது, ஊருக்கே பொங்கும் பெரிய கிடாரத்தில். நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்: எல்லோருக்கும் ஒரே கிடாரம், ஒரே வரிசை.

அது நானாகக் கண்டுபிடித்த விதியல்ல. வன்னியில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது முதலில் இரண்டு கிடாரம் வைத்தார்கள். நம்மில் பெரிய ஆட்களுக்கு ஒன்று, மிச்சப்பேருக்கு ஒன்று. மிச்சப்பேரின் கிடாரத்தில் கஞ்சி நாளுக்கு நாள் வெள்ளைத் தண்ணியாகிக்கொண்டு போனது. பிறகு ஷெல் விழுந்து பெரிய ஆட்களின் கிடாரம் சிதறியது. மிச்சம் இருந்த ஒன்றில்தான் எல்லோரும் குடித்தார்கள், என் அம்மா அள்ளி ஊற்ற. ஊரில் எங்களைக் கிணற்றுக் கட்டில் ஏறவிடாத மனுசி அம்மாவிடம் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை" என்று கெஞ்சினாள். அன்றோடு அது ஒழிந்தது என்று அம்மா நம்பினாள். நானும் நம்பித்தான் கடல் தாண்டினேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பத்தும் பறந்தது உண்மை. பதினோராவது ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கடலோரக் கிராமங்களில் ஒன்றுக்குப் பருப்புச் சோற்றுடன் வண்டியில் போய் இறங்கினோம். ஊர்த் தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள். காலனிக்காரர்கள் எதிரே வாய்க்கால் கரையில் தார்ப்பாய்க்குக் கீழே நனைந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் இல்லையா என்றால், இருந்தது. நான் கிடாரத்தை இரண்டுக்கும் நடுவே சாலையில் இறக்கச் சொல்லி, அகப்பையைக் கையில் எடுத்தேன். வெள்ளை பனியன் போட்ட ஒருவர் பள்ளிக்கூடத்திலிருந்து கும்பிட்டுக்கொண்டே வந்தார். நல்ல மரியாதை.

"ரொம்ப சந்தோஷம்ங்க. அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, சமைச்சது யாரு? எங்க பொம்பளைங்க கேக்குறாங்க. நீங்க என்ன ஆளுங்க?"

எனக்கு அந்தப் பேருந்து அம்மாவின் ஞாபகம் வந்து உதட்டில் சிரிப்பும் வந்தது. "நாங்கள் அகதிகள் ஐயா" என்று வாயைத் திறப்பதற்குள் தருமண்ணை முன்னால் வந்தார்.

"நாங்கள் கமக்கார ஆக்கள். வயல், காணி, கோயில் எல்லாம் எங்கட குடும்பத்தின்ரை பொறுப்பு. சமைச்சது என்ரை மனிசி. இவ பாத்திரம் கழுவ வந்தவ."

தருமண்ணையின் மனைவி அன்றைக்குத் தன் முகாமில் காய்ச்சலோடு படுத்திருந்தார். விடியுமுன் எழுந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றவள் நான். அவர் என் கையிலிருந்த அகப்பையைப் பிடித்தார். நான் விடவில்லை. காதோரம் குனிந்து, "வசந்தி, அங்கை குழந்தையள் பசியில கத்துதுகள். இப்ப உன்ரை ரோசம் பெரிசோ?" என்றார். சரியான இடத்தில்தான் குத்தினார். என் கை தானாகவே தளர்ந்தது. பெடியன்களைப் பார்த்தேன். என் கையால் எத்தனையோ தரம் தின்றவர்கள். ஒருவன் கயிற்றைச் சுருட்டினான், இன்னொருவன் வானத்தைப் பார்த்தான்.

கிடாரம் பள்ளிக்கூடத்துக்குள் போனது. தருமண்ணை பரிமாறினார், நான் வாசலில் நின்றேன். ஒரு பெண் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டு, "சாப்பாடு ரொம்ப நல்லாருக்கு, வீட்டம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். "சொல்லுறன், சொல்லுறன்" என்றார் தருமண்ணை, கூசாமல். பாவி! எனக்கு அந்தச் சோறு முழுவதையும் வெள்ளத்தில் கவிழ்க்கவேண்டும் போல் இருந்தது. கவிழ்த்திருந்தால் கரையில் இருந்தவர்கள்தான் பட்டினி கிடந்திருப்பார்கள்.

மீந்ததோடு கிடாரத்தை என்னிடம் தள்ளினார்கள். "அந்தப் பக்கம் நீ குடுத்திட்டு வா" என்றார் தருமண்ணை. தனியே இழுத்துக்கொண்டு போனேன். கரையில் முதலில் எழுந்து வந்தவள் பெயர் அஞ்சலை, இடுப்பில் ஒரு பிள்ளை. கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் பிடித்ததைச் சுரண்டித்தான் போடவேண்டியிருந்தது. அகப்பையும் அங்கேயே இருந்துவிட்டதால் கையால் அள்ளினேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் சமைச்சனான்" என்றேன். ஏன் அதை அவளிடம் சொன்னேனோ தெரியவில்லை.

"தெரியும்க்கா" என்றாள். "அந்தாளு உன் கையிலேர்ந்து கரண்டிய புடுங்கனப்பவே தெரிஞ்சிபோச்சி. நீயும் நம்ம ஆளு தான? போடு, புள்ளைக்கு மொதல்ல போடு."

இந்த மண்ணில் இத்தனை வருடத்தில் யாரும் என்னை நம்ம ஆள் என்று சொன்னதில்லை. முகாம்காரி, சிலோன்காரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்ல ஒருத்தி வந்தாள், நான் அவமானப்பட்டு நின்றதைப் பார்த்துவிட்டு. சோறு தீரும்வரை அள்ளிப் போட்டேன். கடைசியில் நின்ற இரண்டு பேருக்கு இல்லை. அவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழக்கம் போலிருக்கிறது.

சாலையில் ஹார்ன் அடித்தது. "வசந்தி, ஓடி வா! ஆறு மணிக்குள்ள போகவேணும். நாளைக்கும் நீதான் சமைக்கவேணும், உன்ரை கை ருசி ஒருத்தருக்கும் வராது" என்று தருமண்ணை சத்தமாகக் கூப்பிட்டார், நல்ல பாசத்தோடு.

"இருந்துட்டுப் போயேன்க்கா" என்றாள் அஞ்சலை. எப்படி இருப்பது? ஆறு மணிக்கு முகாமில் இல்லாவிட்டால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள், பிறகு நான் அகதிகூட இல்லை.

பெடியன்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நான் அவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை. கிடாரத்தைக் கவிழ்த்துப் போட்டு, வண்டியின் பின்கதவுப் பக்கம் திரும்பி அதன்மேல் உட்கார்ந்தேன். வண்டி என்னை முகாமுக்குக் கொண்டுபோனது. நான் கரையையே பார்த்துக்கொண்டு போனேன்.