கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடு!

போன வருடத்துக்கு முந்தைய வருடம், முதலாம் தவணை தொடங்கிய இரண்டாவது கிழமை. கண்டியில் நான் உடற்கல்வி படிப்பிக்கும் பெண்கள் பாடசாலையில் முதன்முறையாக உதைபந்தாட்ட அணிக்குத் தெரிவு வைத்தோம். வலைப்பந்து என்றால் பிள்ளைகள் வருவார்கள், உதைபந்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று அதிபருக்குச் சந்தேகம். "வலயப் போட்டிக்குப் பதினொரு பேர இறக்கிக் காட்டுங்க டீச்சர். இல்லாட்டி அடுத்த வருஷம் இந்தப் பேச்சே வேணாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வகுப்பு வகுப்பாகப் போய்க் கூப்பிட்டேன். முதல் நாள் பின்னேரம் முப்பத்தொரு பேர் மைதானத்தில் வந்து நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னைப் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டம் வைத்துவிடுவேன். உயரமாக இருப்பவள் 'போஸ்ட்', மெதுவாக ஓடுபவள் 'சரக்கு ரயில்'. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "டீச்சர் இருந்தா நேரம் போறதே தெரியாது" என்பார்கள். அதை ஒரு திறமை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வந்தவர்களில் தரம் பத்தில் படிக்கும் ஒரு பிள்ளை இருந்தாள். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் பிடித்துப் படிக்க வருபவள். அவளோடு அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் ஆறு பேர் வந்திருந்தார்கள். பந்து அவள் காலுக்குப் போய்விட்டால் ஒருத்தியாலும் பறிக்க முடியவில்லை. அப்படி ஒரு வேகம்! மேட்டிலும் பள்ளத்திலும் ஓடிப் பழகியவள் என்பதால், முதுகை வளைத்து, தலையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினாள். அதைப் பார்த்ததும் என் வாய் அரித்தது.

"ஏய் புள்ள! மொதல்ல முதுகுல இருக்க கொழுந்துக் கூடைய இறக்கி வச்சிட்டு ஓடு!" என்று கத்தினேன்.

மைதானமே சிரித்தது. அவளும் சிரித்த மாதிரித்தான் இருந்தது. அன்று முடிவதற்குள் "கூடை, பாஸ் பண்ணு", "கூடை, இங்க பாரு" என்று எல்லாரும் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நானும்தான் கூப்பிட்டேன்.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? வெளியாட்களுக்கு இந்தப் பகிடி வாயில் வந்திருக்காது. கூடை சுமந்தவள் எப்படி நடப்பாள் என்று பார்த்து வளர்ந்தவளுக்குத்தான் வரும். என் அம்மா இருபத்தேழு வருடம் கொழுந்து பறித்தவர். நான் பிறந்ததே தோட்டத்து லயத்து வீட்டில்தான். இப்போது பிலிமத்தலாவையில் வீடு கட்டி, ஊரைக் கேட்டால் அதையே சொல்லிப் பழகிவிட்டேன்.

அடுத்த கிழமை இருபத்திரண்டு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை பதினாறு. பிறகு ஒன்பது. முதலில் வராமல் நின்றது அந்தப் பிள்ளையும் அவளோடு வந்த ஆறு பேரும். பிறகு அவர்களுடைய சிநேகிதிகள். அந்தப் பிள்ளையை நடைபாதையில் மறித்துக் கேட்டபோது, "வீட்ல வேணாங்கிறாங்க டீச்சர்" என்று நிலத்தைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் காரணம் கேட்டார். எனக்கா பேசத் தெரியாது? எழுந்து நின்று அடுக்கினேன். டியூசன் பைத்தியம், வெயிலில் கறுத்துவிடுவார்கள் என்ற பயம், காற்சட்டை போட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை, தோட்டத்துப் பெற்றோருக்கு விளையாட்டின் அருமை விளங்காதது. எல்லாரும் தலையாட்டினார்கள். அதிபர் மட்டும், "சரி, அந்தப் பெற்றோர் யாரையாவது போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். போகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் புறப்பட்டேன். வழி காட்ட எங்கள் அணித் தலைவியைக் கூட்டிக்கொண்டேன். அவள் வீடு வத்துகாமம். அங்கே பஸ் மாறி ஏறியதிலிருந்து அவள் ஒரு மாதிரி நெளிந்துகொண்டே இருந்தாள். பாதி வழியில், "டீச்சர், ஒண்ணு சொன்னா ஏச மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு."

"அவங்க வீட்ல ஒண்ணும் சொல்லல டீச்சர். அவளக் கூடைன்னு சொன்னதாலதான் வாறதில்ல. மத்தவங்களும் அதுக்குத்தான் நின்டாங்க. தங்களுக்கும் ஏதாச்சும் பேரு வப்பாங்கன்னு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் விடுமா? "அடியே, அதுக்கா? அது சும்மா பகிடிக்குச் சொன்னது. இதுக்கெல்லாம் கோவிச்சா எப்பிடி விளையாடுறது?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சரி, போய்ச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் இருந்தார்கள். அப்பாவுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவர். டீச்சர் வந்திருக்கிறார் என்றதும் ஒரே அமளி. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு கதிரை வந்தது. அம்மா தேத்தண்ணி போட ஓடினார். "டீச்சருக்கு எந்த ஊருங்க?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டார். "பிலிமத்தலாவை" என்றேன்.

நான் வீட்டிலேயே பேசிப் பார்த்துக்கொண்டு போன பேச்சை ஆரம்பித்தேன். பெண் பிள்ளைகள் விளையாடினால் உடம்புக்கு நல்லது, படிப்புக் கெடாது, அணி இப்போது நன்றாகப் போகிறது, உங்கள் மகள் வராததுதான் குறை என்றெல்லாம்.

அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாங்க டீச்சர் சொல்றீங்க? டீமு நடக்குதா?"

"ஏன், நடக்குதே."

"இந்த வருசம் டீம நிப்பாட்டிட்டாங்கன்னு இவ சொன்னாளே! நான் பேக்டரியில அத்தன பேருகிட்டயும் எம் பொண்ணு கண்டியில புட்போல் வெளாடுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நானா வேணாங்கிறது?"

பிள்ளை அலுமாரியில் சாய்ந்து நின்றாள். "ஏன்டி பொய் சொன்ன? சொல்லு. பஸ்ஸுல போகக் கஸ்டமா? வேற எங்கயும் போறியா? டீச்சரு இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்காங்க, வாயத் தெறந்து சொல்லேன்!" அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணியோடு வந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அம்மாவின் காதில் அந்தப் பகிடி விழக்கூடாது என்றுதான் இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறாள்.

"சும்மாதான் போகல" என்றாள்.

பளார் என்று ஓர் அறை விழுந்தது. அவள் அழவில்லை, கன்னத்தைக்கூடத் தொடவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. "அவ மேல தப்பில்ல, நான்தான் காரணம்" என்று சொல்ல எத்தனை விநாடி வேண்டும்? நான் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "விடுங்க, சின்னப் புள்ளதானே, அடிக்காதீங்க" என்றேன். அடப்பாவி! நல்லவள் வேஷம் வேறு போட்டேன். அவரோ கையைக் கூப்பிக்கொண்டு, "தப்பா நெனைச்சுக்காதீங்க டீச்சர். நாளையிலிருந்து வருவா. மத்த புள்ளைங்க அப்பாமார்கிட்டயும் நானே சொல்றேன்" என்றார். அம்மா ஒரு பை நிறைய முருங்கைக்காயும் பீன்ஸும் கட்டிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது அணித் தலைவி எனக்குப் பின்னால் தனி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வத்துகாமத்தில் "போயிட்டு வாறேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்தாள். மற்ற ஆறு பேரும் அந்தக் கிழமைக்குள் வந்துவிட்டார்கள். பட்டம் வைப்பதை நான் அன்றோடு நிறுத்தினேன், வேறு யாரும் வைத்தால் ஏசினேன். ஆனால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவள் ஓட்டமும் பழைய ஓட்டமாக இல்லை. முதுகைக் கம்பு மாதிரி நிமிர்த்திக்கொண்டு ஓடினாள். வளைந்துவிடக் கூடாதே என்ற கவனமெல்லாம் முதுகிலேயே இருந்ததால், பந்து காலை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

வலயப் போட்டிக்குப் பதினாறு பேரோடு போனோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம், ஆனாலும் அதிபருக்கு வாயெல்லாம் பல். காலைக்கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை மீட்டு வந்த ஆசிரியை என்று கைதட்ட வைத்தார். போதாக்குறைக்கு, மற்றப் பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்களின் கூட்டத்தில், பிள்ளைகளை அணியில் தக்கவைப்பது எப்படி என்று நான் பேச வேண்டும் என்றும் ஏற்பாடு செய்துவிட்டார்.

பேச்சுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'பெற்றோரை நேரில் சந்தியுங்கள்' என்று முதல் வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். கூடை என்று கத்தியது, எல்லாரும் சிரித்தது, பஸ்ஸிலேயே காரணம் தெரிந்துகொண்டு அவர் வீட்டுக்கு வந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான் என்றும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கூடை தூக்குறது எங்களுக்கு ஒண்ணும் வெக்கமில்லைங்க டீச்சர்" என்றார். அடுத்து, "நான் அவள அடிச்சப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் இடைவேளையில் அந்தப் பிள்ளை ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். அணிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எழுந்து வெளியே போய், "என்ன மன்னிச்சிரும்மா, நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்னைக்கு உங்க வீட்லயும் சும்மா இருந்திருக்கக் கூடாது" என்றேன். அவள் சட்டையை என் கையில் வைத்தாள்.

"பரவால்லைங்க டீச்சர். அப்பா நேத்தே எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாரு. விருப்பம்னா மட்டும் போன்னு சொன்னாரு" என்றாள். குத்திக் காட்டவில்லை, கோபமும் இல்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உடற்கல்வி ஆசிரியர்களின் அந்தக் கூட்டத்தில் நான் பேசவில்லை, காரணத்தையும் அதிபரிடம் சொல்லிவிட்டேன். இப்போது தெரிவுக்கு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள், பெரும்பாலும் இடையில் நின்றுவிடாமலும் வருகிறார்கள், அதிபருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அந்தச் சந்தோஷம் முழுதாக வருவதில்லை. ஒன்றும் தெரியாமல் அடித்த அந்த மனிதர், விஷயம் தெரிந்த அன்றைக்கே பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். எல்லாம் தெரிந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கோ அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.