இடது முன்சக்கரத்துச் சத்தம்

அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. வண்டியில் ஒரு சத்தம், அது வீட்டில் ஒருத்திக்கு மட்டும் கேட்கிறது என்றால், எல்லோரும் வண்டியை விட்டுவிட்டு அந்த ஒருத்தியைத்தான் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

வண்டி ஒரு பழைய டீசல் ஜீப். என் கணவர் ராணுவக் கிடங்கில் வேலையில் இருந்தபோது ஏலத்தில் எடுத்தது. மராத்திக்காரர்கள் ஊரில், ஔந்தில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், பளபளக்கும் கார்களுக்கு நடுவே அழுக்குச் சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி அது நிற்கும். ஊருக்கு வெளியே, கடக்வாஸ்லா தாண்டி ஒரு மலைச்சரிவில் எங்களுக்குத் துண்டு நிலம் இருக்கிறது. சில மாமரங்கள், ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். சனிக்கிழமையானால் அவருக்கு அங்கே போயே ஆக வேண்டும். மழைக்காலத்தில் கடைசி ஏற்றம் முழுக்கச் சேறு. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி ஏறும்.

நாலையும் இழுக்க வைப்பதற்குள் உயிர் போய்விடும். ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கிற குமிழைத் திருக வேண்டும். அவருக்கு முட்டி மடங்காது என்பதால் அந்த உத்தியோகம் எனக்கு. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு சேற்றில் குந்தித் திருகுவேன். அப்புறம் அவர் உள்ளே இருக்கிற சின்ன லிவரைத் தள்ளுவார். அது ஒரே தள்ளில் விழுந்ததாகச் சரித்திரமே இல்லை. கொஞ்சம் பின்னால் எடுத்து, கொஞ்சம் முன்னால் விட்டு, உள்ளே பல்லோடு பல் சேர்ந்தால்தான் விழும். விழுந்த பிறகு, வண்டி ஒடித்துத் திரும்பும்போதெல்லாம் என் காலடியில், இடது முன்சக்கரத்தில், அந்தச் சத்தம் வரும்.

"கேக்குதா உங்களுக்கு?"

"என்னது?"

"டொக்குனு. இந்தப் பக்கம்."

"ஒன்னும் இல்ல. நீ வாய்க்குள்ளயே முனங்காத."

முனகுகிறேனாம். நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் மேய்த்தவள். கடைசி பெஞ்சில் பென்சில் சீவுகிறவனும் நிமிர்ந்து உட்காரும் தொண்டை இது.

ஒரு காலத்தில் கிடங்கில் எந்த வண்டி இடக்குப் பண்ணினாலும் காது வைத்துப் பார்க்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். பானட்டைத் திறக்காமலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். பாத்திரம் உருளுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். முகத்தைப் பார்த்துப் பேசினால் எப்படியோ சமாளித்துவிடுவார். மற்றபடி, உலகத்தில் எல்லோருமே முனக ஆரம்பித்துவிட்டார்கள். செய்தி வாசிக்கிறவர், பால்காரர், நான்.

நச்சரித்து ஜீப்பை மெக்கானிக்கிடம் கொண்டுபோக வைத்தேன். "ஆவாஜ் கஸா யேதோ, மேடம்?" என்றார் அவர். சத்தம் எப்படி வருகிறதாம். கட் கட்டா, டக் டக்கா, கர் கர்ரா? வலி குத்துகிறதா எரிகிறதா என்று டாக்டர் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்டார். எத்தனையோ வருஷமாக மராத்தி பேசுகிறேன். அந்த மொழியில் பேரம் பேசியிருக்கிறேன், பெற்றோர் கூட்டத்தில் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் சத்தம் மட்டும் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது. டொக் என்றேன். கட் கட் என்று எடுத்துக்கொண்டார். சஸ்பென்ஷன் என்று முடிவு கட்டி, ஸ்பிரிங் புஷ் எல்லாம் மாற்றினார். அடுத்த முறை ஷாக் அப்சார்பரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் எங்களை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். ஜீப் சாதுவாக ஓடும்.

"ஆத்தா நாஹி யேத், மேடம்" என்பார். இப்போது வரவில்லையே என்று அர்த்தம். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

குமிழைத் திருகினால்தான் வருகிறது என்று எனக்குப் பிடிபட்டபோது ஓடிப்போய்ச் சொன்னேன். நாலு சக்கர இழுவையைத் தார் ரோட்டில் போட்டால் உள்ளே உடையும் என்று மெக்கானிக் மறுத்துவிட்டார். சேற்றுக்கு வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. "சத்தம் வந்தா எனக்குத் தெரியாதா?" என்றார் என் கணவர்.

பக்கத்தில் வாகடில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "அம்மா, நீ ரொம்ப டென்ஷன் எடுத்துக்கறே" என்றாள். "நீயும் ஒரு தடவை காது செக் பண்ணிக்கோயேன்."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குக்கர் மூடி விழுந்தால் தூக்கிவாரிப் போட்டது. கோயிலில் தேங்காய் உடைத்தால் இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மழை நிற்கிற வரைக்கும் நிலத்துக்குப் போக வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"நீ வராட்டி இரு. நான் போய்க்கிடுதேன்."

தனியாகவா? பின்னால் லாரி ஹார்ன் அடித்தால் யார் சொல்வது? பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குப் பயந்துகொண்டு கூடவே போவது தேவலை என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறி உட்கார்ந்தேன்.

அன்றைக்கு மழை கனமாக இல்லை. குமிழைத் திருகினேன், அவர் லிவரைத் தள்ளினார், ஏற ஆரம்பித்தோம். பாதி ஏற்றத்தில் பாதை மலையை ஒட்டி இடது பக்கம் ஒடிகிறது. டொக், டொக் என்று வந்துகொண்டிருந்தது. ஒடித்துத் திருப்பிய இடத்தில் படாரென்று ஒரு ஓசை. எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி வந்தது அது. முன்பக்கம் துவண்டுவிட்டது. அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினார். பின்சக்கரங்கள் வெறுமனே சுற்ற, வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து வழுக்கியது.

நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன். அவர் பாதையையே பார்த்துக்கொண்டு மேலும் அழுத்தினார். நான் எட்டி நடுவிலிருந்த சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் திணறி நின்றது. ஜீப் இன்னும் கொஞ்சம் இறங்கி, எதிலோ தட்டி நின்றது.

"சாவிய ஏன் அணைச்ச? கிறுக்கா உனக்கு? கல்லுல ஏறுச்சு, அவ்வளவுதான்."

அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. பயமே இல்லை. மலையே திருப்பிச் சொன்ன ஓசை அவருக்கு எட்டவில்லை.

நான் கீழே கையைக் காட்டினேன். இறங்கினார். வலது பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து, பாதை ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றி வந்து, மடங்காத முட்டியை எப்படியோ மடக்கி, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். அச்சையும் சக்கரத்தையும் சேர்க்கிற இணைப்பு உடைந்து, ஒரு துண்டு அவர் கையோடு வந்தது. கிரீஸைச் சட்டையில் துடைத்துவிட்டு உடைந்த இடத்தைப் பார்த்தார். ஓர் ஓரம் மட்டும் புதிதாக மின்னியது. மற்றதெல்லாம் கறுத்துத் துருவேறிக் கிடந்தது.

"இது இன்னிக்கு உடைஞ்சதில்ல. ரொம்ப நாளாவே விரிசல் விட்டுக்கிட்டு இருந்திருக்கு."

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி அழுகை முட்டியது.

"எப்பிடிச் சத்தம் வந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"டொக்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். வலது காதைத் திருப்பினார். சத்தமாகச் சொன்னேன். இடது காதைத் திருப்பினார். கிட்டே போய், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில்கூடக் கத்தாத குரலில் டொக், டொக், டொக் என்று கத்தினேன். கீழே எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என் தொண்டை கம்மிவிட்டது.

அவர் காதைத் திருப்புவதை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல" என்றார். "எனக்கு ஒன்னுமே கேக்கல."